ரோட்டில் நிற்பதற்கு ஒரு படிப்பு

“எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ் படிச்சுட்டு ரோட்டுல போய் பலகை பிடிக்கப் போறியா?” வாட்ஸ்அப்பில் அம்மா இப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த ரோட்டு வேலை, தார் காய்ச்சும் புகைக்கு நடுவே தலையில் துண்டு கட்டிக்கொண்டு சிவப்புக் கொடி ஆட்டுவதுதான். அந்தக் கொடியை யார் கையில் கொடுப்பார்கள் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். அன்றைக்கு ஜல்லி சுமக்க முடியாதவர் கையில்.

இங்கே சிட்னியில் அதற்குப் படிப்பு உண்டு, மதிப்பீடு உண்டு, அரசாங்கம் கொடுக்கும் அட்டை உண்டு என்றெல்லாம் விளக்கினேன்.

“நிக்கிறதுக்கு என்னடி படிப்பு?”

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. இப்போது இருக்கிறது. வெண்ட்வொர்த்வில் கடையில் சாம்பார்ப் பொடி வாங்கப் போனாலும் யாராவது ஒருவர் “அக்கா, அந்த டிராஃபிக் கண்ட்ரோல் கோர்ஸ்…” என்று ஆரம்பிப்பதால், எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில், ஏன் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள்? மேற்கு சிட்னியைப் பத்து வருடமாகத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். வெஸ்ட்மீடிலிருந்து கார்லிங்ஃபோர்டு வரைக்கும் லைட் ரயில் போட்டு 2024 டிசம்பரில் ஓடவிட்டார்கள். அது முடிவதற்குள் மெட்ரோ வெஸ்ட் ரயிலுக்குச் சுரங்கம். அந்தப் பக்கம் பேட்ஜரிஸ் கிரீக்கில் புது விமான நிலையம், அதற்கு ஒரு மோட்டார்வே. இவை பெரிய வேலைகள். இது போக தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், என்.பி.என். இணையக் கேபிள், மரக்கிளை வெட்டுவது என்று தெருவுக்குத் தெரு ஏதாவது நடக்கும். எங்கே ரோட்டில் கை வைத்தாலும் அங்கே ஆரஞ்சு கோன் வரும், கோன் பக்கத்தில் ஒரு ஆள் வருவார். ஊரிலிருந்து கொண்டுவந்த சான்றிதழை இங்கே செல்லுபடியாக்க மறுபடியும் படி, மறுபடியும் கட்டு என்று அலைகிற நம்மவர்களுக்கு, சில வாரங்களில் சம்பளம் தொடங்கிவிடக்கூடிய வேலை இது. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நானும் அந்தக் கணக்கில்தான் போனேன். லட்சியமெல்லாம் கிடையாது.

போவதற்கான வழி சுலபம். இது நியூ சவுத் வேல்ஸ் கதை. மற்ற மாநிலங்களில் விதி வேறு, அங்கே இருப்பவர்கள் அங்கே விசாரியுங்கள். கட்டுமான வேலைக்கு யார் போனாலும் முதலில் ஒயிட் கார்டு வேண்டும். எது ஆபத்து, யாரிடம் சொல்வது, எந்தக் கருவியை எப்படித் தூக்குவது என்ற அடிப்படை. அதை வாங்கிவிட்டுத் தொடர்ந்து இரண்டு வருடம் கட்டுமான வேலைக்கே போகாமல் இருந்தால் அது காலாவதி. அதற்குப் பிறகுதான் டிராஃபிக் கண்ட்ரோலர் பயிற்சி. மாநிலத்தின் வேலைப் பாதுகாப்பு அமைப்பான சேஃப்வொர்க் என்.எஸ்.டபிள்யூ. அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில்தான் படிக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஒரு சான்று தருவார்கள். அதற்கு ஆயுள் 90 நாள். அந்த 90 நாளுக்குள் நிஜமான ஒரு வேலைத்தளத்தில், நிஜமான வண்டிகளுக்கு முன்னால், மேற்பார்வையில் நின்று காட்டித் தேற வேண்டும். அப்புறம்தான் அட்டை. அது மூன்று வருடத்துக்குச் செல்லும்.

வகுப்பில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் போக மனசில்லை. ஒரு ஆள்மேல் இன்னொரு ஆளை வைத்த மாதிரி உயரமான ஒரு டோங்கா தீவுக்காரர், மாணவர் விசாவில் வந்த இரண்டு நேபாளப் பையன்கள், பேரக்குழந்தை எடுத்துவிட்ட ஒரு ஆஸ்திரேலியப் பாட்டி, லாரி ஓட்டி முதுகு போன பஞ்சாபி அண்ணன். பாட்டிதான் எங்களில் அதிவேகமாக எழுதி முடித்தார். பெண்கள் இந்த வேலையில் நிறைய. உடல் பலத்தைவிட முழித்துக்கொண்டிருப்பதுதான் இதற்கு முக்கியம் என்பதால் இருக்கலாம்.

பயிற்சியாளர் நெடுஞ்சாலை வேலையில் தலை நரைத்தவர். முதல் பாடமே எங்களுக்கு என்ன அதிகாரம் கிடையாது என்பதுதான். சாலை விதிகளில் 101-ஆவது விதி, கையில் பிடித்த ஸ்டாப் பலகையைக் கண்டால் ஓட்டுநர் அதற்கு முன்பே நிற்க வேண்டும், அது விலக்கப்படும்வரை நகரக் கூடாது என்கிறது. அவ்வளவுதான் நம் பலம். அபராதம் போட முடியாது, வண்டியைத் தடுத்து வைக்க முடியாது, ஓட்டுநரோடு வாக்குவாதம் செய்யவும் கூடாது. சிக்னல் சிவப்பு எரியும்போது “பரவாயில்லை, வா” என்று கைகாட்டினால் அது தப்பு; சிக்னலை மீறச் சொல்லும் உரிமை போலீஸுக்கு உண்டு, நமக்குக் கிடையாது. ஆரஞ்சுச் சட்டை போட்டதும் பாதி போலீஸாகிவிட்டதாக நினைப்பவர்கள் எல்லா வகுப்பிலும் ஒருவராவது உண்டாம். எங்கள் வகுப்பில் நேபாளப் பையன் ஒருவன் முகம் கொஞ்சம் வாடியதைப் பார்த்தேன்.

பிற்பகல் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் அந்தப் பிரபலமான பேட். ஒரு பக்கம் சிவப்பு எண்கோணத்தில் ஸ்டாப், மறு பக்கம் மஞ்சளில் ஸ்லோ. தூரத்திலிருந்து பார்த்தால் குச்சி மிட்டாய் மாதிரி இருப்பதால் இங்கே லாலிபாப் என்பார்கள். ஸ்டாப் முகத்தைத் திருப்பி, மறு கையை உயர்த்தி உள்ளங்கையை ஓட்டுநருக்குக் காட்ட வேண்டும். மெதுவாக வரச் சொல்ல, ஸ்லோவைத் திருப்பி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மேலும் கீழும் அசைக்க வேண்டும். இது வாசிக்கச் சுலபம். செய்யும்போது ஒரு கை ஒன்று சொல்லும், மறு கை வேறு ஒன்று சொல்லும். நம்மவர்கள் பேசும்போதே கையை ஆட்டிப் பழகியவர்கள் வேறு. காற்றடித்தால் பேட் பாய்மரம் மாதிரி இழுக்கும். பிடித்திருக்கும் கையைவிட அன்றிரவு தோள்தான் அதிகம் வலித்தது.

ஆனால் அந்தப் பிற்பகல் முழுவதும் அவர் திருத்தியது கையை அல்ல, காலை. “எங்கே நிற்கிறாய்? ஏன் அங்கே? இந்தக் கார் நிற்காவிட்டால் எந்தப் பக்கம் ஓடுவாய்?” ஒவ்வொருவரிடமும் இந்த மூன்று கேள்வி. வண்டி ஓடும் தடத்துக்குள் நிற்கக் கூடாது, ஓரத்தில் நிற்க வேண்டும். முதல் வண்டி முழுசாக நின்ற பிறகுதான், பின்னால் வருபவர்களுக்கும் தெரியும்படி கொஞ்சம் உள்ளே வரலாம். வண்டி வரும் திசைக்கு முதுகு காட்டவே கூடாது. வளைவுக்குப் பின்னால், மேட்டுக்கு அந்தப் பக்கம், அடர்ந்த மரநிழலில், நிறுத்தியிருக்கும் வேலை லாரிக்கு முன்னால் ஒட்டி — இங்கெல்லாம் நின்றால் கண்ணுக்குத் தெரிய மாட்டோம், அல்லது ஓட இடம் இருக்காது. பின்னால் வேலியோ சுவரோ பள்ளமோ இருந்தால் அந்த இடம் இடமே இல்லை.

எனக்கு உடனே திருவாரூர் ஆழித்தேர் நினைவுக்கு வந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு அந்தத் தேருக்கு திருச்சி பெல் செய்துகொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. ஆனாலும் கட்டை போடும் ஆள் கட்டாயம் வேண்டும். கட்டையைச் செருகும் அதே நொடியில் அவருடைய ஒரு கால் ஏற்கெனவே வெளியே போகத் தயாராக இருக்கும். தேரை அவர் நம்புவதில்லை. இந்த வேலையிலும் அப்படித்தான், எதிரே வரும் எந்த வண்டியும் நின்றுவிடும் என்று நம்பக் கூடாது. நின்ற பிறகு நன்றி சொல்லிக்கொள்ளலாம்.

இங்கேதான் என் ஃபிசிக்ஸ் உதவிக்கு வந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். ஓட்டுநர் பலகையைப் பார்த்து, புரிந்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை வினாடி என்று வைத்தால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே 25 மீட்டர் வந்துவிட்டது. காய்ந்த ரோட்டில் நிற்க இன்னொரு 20 மீட்டர் வாக்கில். இதையே 80-க்குப் போடுங்கள். வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கு, பிரேக் தூரம் கூடியது முக்கால் பங்குக்கு மேல். ஏனென்றால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. இதைப் பதினொன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டிருப்பேன்! அந்தச் சமன்பாடு நேராக என்னை நோக்கி வரும் என்று அப்போது யார் நினைத்தது? மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு இரண்டு வினாடி தலையைக் குனிபவர், 60-இல் 33 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறார். ஆறு அச்சு செமி டிரெய்லருக்கு இங்கே சாதாரணமாக அனுமதித்த மொத்த எடை 42.5 டன். அது எதிரே இறக்கத்தில் வரும்போது என் கையில் இருப்பது ஒரு குச்சியும் ஒரு தகடும்.

அதனால்தான் எங்களுக்கு முன்னால் அத்தனை எச்சரிக்கைப் பலகைகள். வேகமான சாலைகளில் அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ‘டி’ என்பார்கள். 80 கிலோமீட்டர் வேகச் சாலையென்றால் டி என்பது 80 மீட்டர், 100 என்றால் 100 மீட்டர். ‘சாலை வேலை’, ‘நிற்கத் தயாராகு’, வேகக் குறைப்பு என்று ஒவ்வொன்றையும் டி-யின் மடங்கில் வைத்துக்கொண்டே வருவார்கள். இதை எங்கே வைப்பது என்று வரைந்த படத்துக்கு டிராஃபிக் கைடன்ஸ் ஸ்கீம் என்று பெயர். அதைத் தளத்தில் இருப்பவர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

பயிற்சியாளர் சொன்ன ஒரு நுணுக்கம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காதது. ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காதே, காரின் மூக்கைப் பார். பிரேக் பிடித்தால் முன்பக்கம் லேசாகத் தாழும். தாழ்ந்தால் அவன் உன்னைப் பார்த்துவிட்டான். தாழவில்லையென்றால் உன் காலை யோசி. எடை முன்னச்சுக்கு மாறுவதைப் பாடமாக நடத்தியிருக்கிறேனே தவிர, அதை உயிர் பிழைக்கப் பயன்படுத்தலாம் என்று தோன்றியதில்லை.

இதையெல்லாம் ஒரே நாளில் திணித்துவிட்டு “போய் நில்” என்பது போதுமா என்று கேட்டால், போதாது. வகுப்பு மட்டும் இருந்தால் இந்தப் படிப்பு ஒரு கண்துடைப்பு என்றுகூடச் சொல்வேன். அதைக் காப்பாற்றுவது பிறகு வரும் தளப் பயிற்சி. எனக்கு அது ஒரு கவுன்சில் சாலையில், குழாய் பதிக்கும் இடத்தில் நடந்தது. ஒரு தடத்தை மூடி, மற்ற தடத்தில் இரு திசையும் மாறி மாறி விட வேண்டும். இந்த முனையில் நான், அந்த முனையில் பதினைந்து வருட அனுபவமுள்ள ஒரு பெண்மணி. நடுவே வளைவு, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ரேடியோதான் கண்.

நான் இந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டு, கடைசியாகப் போன வண்டி எது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். அது தன்னைத் தாண்டியதும் “வந்துவிட்டது” என்று அவர் சொல்லி, நான் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அவர் பக்கம் திறக்கும். “கடைசி வண்டி வெள்ளை ஹைலக்ஸ்” என்றேன். ரேடியோவில் சிரிப்புச் சத்தம். மேற்கு சிட்னியில் இரண்டில் ஒரு வண்டி வெள்ளை ஹைலக்ஸ்! “மேலே இரண்டு ஏணி, பின்கதவில் பச்சை ஸ்டிக்கர்” என்று சொல்லிப் பழகினேன். சைக்கிள்காரர் நுழைந்தால் அவர் போய்ச் சேரும்வரை அந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பவருக்கு அது தெரியாது. இதைவிட மோசம், நடுவில் இருக்கும் வீடுகள். கடைசி வண்டி போய்விட்டது என்று நாம் நினைக்கும் நேரம் யாராவது கராஜிலிருந்து மெதுவாகப் பின்னால் எடுத்து, எதிர்த்திசையில் வருவார்கள். அதனால் காலையிலேயே ஒவ்வொரு வீட்டு வாசலையும் மனசில் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த வீட்டில் வண்டி நிற்கிறது, எந்த வீட்டில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வேலை தொடங்கி ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஊரில் இதற்குப் பெயர் வேறு. இங்கே சம்பளம் தருகிறார்கள்.

ஆங்கில உச்சரிப்பு பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். ரேடியோவில் பேசுவது மொத்தம் இருபது முப்பது வார்த்தை. வேகமாகப் பேசாமல், கேட்டதைத் திருப்பிச் சொன்னால் போதும். புரியாததற்கு “ஓகே” சொல்லும் நம் பழக்கம்தான் இங்கே ஆளைக் கொல்லும். புரியவில்லையென்றால் இரண்டு பக்கமும் ஸ்டாப். ஜனங்கள் திட்டட்டும்.

திட்டுவார்கள். கண்ணாடியை இறக்கி, நீ வந்த ஊருக்கே போ என்பார்கள். குடித்த கோப்பையை வீசியவர் உண்டு. தாமதத்துக்குக் காரணம் குழாய், குழாய்க்குக் காரணம் கவுன்சில், ஆனால் கண் முன்னால் நிற்பது நான். பதில் பேசாமல் வண்டி எண்ணை மட்டும் குறித்து மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், நாக்கைக் கடித்துக்கொண்டு கடைப்பிடிக்கும் விதி. இன்னொரு பக்கம், தினமும் கையசைத்துவிட்டுப் போகும் பஸ் ஓட்டுநர், வெயில் நாளில் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து தரும் எதிர்வீட்டு இத்தாலியத் தாத்தா என்று கணக்கு ஓரளவு நேராகிவிடும்.

வெயில் என்றதும் சொல்ல வேண்டியது. “நாம கருப்புதானே, நமக்கென்ன” என்று சன்ஸ்கிரீனை ஒதுக்காதீர்கள். புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே தடவச் சொல்கிறார்கள். சிட்னி கோடையில் அது இரண்டு இலக்கத்துக்குப் போகும். விளிம்பு அகன்ற தொப்பி, முழுக்கை, கண்ணாடி. கழிப்பறை விஷயத்தைப் பெண்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள். பெரிய தளங்களில் பிரச்சினை இல்லை. சின்ன வேலைகளில் பக்கத்து பெட்ரோல் பங்க்தான் கதி. மாற்று ஆள் வந்து பேட்டை வாங்கினால்தான் நகர முடியும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நிற்பவர்களைப் பார்க்கிறேன். செய்யாதீர்கள்.

இந்தத் துறையிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஆட்கள் போன பிறகும், ரோட்டில் ஒரு ஆபத்தும் மிச்சமில்லாத இடத்தில், 40 பலகையும் ‘நிற்கத் தயாராகு’ பலகையும் சனி ஞாயிறு முழுக்கச் சும்மா நிற்பது. மூட வேண்டும், அல்லது எடுக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். மூடாமல் விட்ட ஒவ்வொரு பலகையும் ஓட்டுநருக்கு ஒரு பாடம் நடத்துகிறது: இதெல்லாம் சும்மா. அந்தப் பாடத்தை அவர் நன்றாகப் படித்துவிட்டு, திங்கட்கிழமை காலை என் முன்னால் 70-இல் வருகிறார்.

பேட் பிடிக்கும் வேலையே குறைந்துகொண்டு வருகிறது. வேகம் அதிகமான சாலைகளில் ஆளை நிறுத்தாமல், சக்கரம் வைத்த சிக்னல் விளக்கையும், கைபோல இறங்கும் தடுப்புக் கம்பையும் வைக்கிறார்கள். நாம் தள்ளி நின்று ரிமோட்டில் இயக்கலாம். பயிற்சியிலும் இப்போது அது பாடம். வேலை போய்விடுமே என்று புலம்புபவர்கள் இருக்கிறார்கள். வண்டி இடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் அது விளக்குக் கம்பத்தை இடிக்கட்டும் என்பது என் கட்சி.

சம்பளம் பற்றி டிக்டாக்கில் சொல்வதைப் பாதியாக வகுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கேஷுவல் வேலை. கேஷுவல் என்பதற்காக 25 சதவீதம் கூடுதல் உண்டு, பதிலுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. இரவு வேலைக்கும் வார இறுதிக்கும் கூடும். மழை பெய்தால் காலை நாலு மணிக்கு “இன்றைக்கு வேலை இல்லை” என்று குறுஞ்செய்தி வரும். சொந்த வண்டி இல்லாமல் இந்த வேலை நடக்காது. இன்று பிளாக்டவுன், நாளை பென்ரித், இரயில் எழுந்திரிப்பதற்கு முன் போய்ச் சேர வேண்டும். மேலே போக வழி இருக்கிறது. அடுத்த பயிற்சி, படத்தைப் பார்த்துப் பலகைகளையும் கோன்களையும் தளத்தில் அமைப்பது. அதற்கும் மேலே, அந்தப் படத்தையே தயாரிப்பது. லாரி உரிமம் எடுத்தால், பின்னால் மோதல் மெத்தை பொருத்திய லாரியை மோட்டார்வேயில் ஓட்டப் போகலாம். நான் படம் தயாரிக்கும் பக்கம் கண் வைத்திருக்கிறேன். கணக்கு இருக்கும் இடம் அதுதான்.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தப் பயிற்சி நிறுவனம் சேஃப்வொர்க் இணையதளத்தில் அங்கீகரித்தவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஃபேஸ்புக் விளம்பரத்தை நம்ப வேண்டாம். அடுத்து, தள மதிப்பீட்டுக்கு இடம் யார் ஏற்பாடு செய்வது, நீங்களா அவர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வகுப்பு முடித்துவிட்டு, மேற்பார்வையில் நிற்க ஒரு வேலைத்தளம் கிடைக்காமல் 90 நாளையும் வீட்டில் கழித்தவர்கள் எங்கள் பேட்டையிலேயே இருக்கிறார்கள்.